அஞ்சாம் பேண்ட் இருக்கா?

சிவசங்கரன் உட்கார்ந்து பார்த்தவர்கள் ரொம்பக் குறைவு. கல்யாண வீட்டுப் பந்தியில் இலை போட்டு முடிப்பதற்குள் எழுந்து தண்ணீர்ச் செம்பைத் தூக்கிக்கொண்டு பரிமாறப் போய்விடுவார். அது பெண் வீடா, மாப்பிள்ளை வீடா, இவர் யாருக்கு உறவு என்றெல்லாம் யாருக்கும் தெரியாது, அவருக்குமே சில சமயம் தெரியாது. வடக்கு வெளி வீதியில் லாரி உதிரிபாகக் கடை ஒன்றில் பில் போடும் வேலை. முதலாளி நல்ல நாற்காலியாகத்தான் வாங்கிப் போட்டிருந்தார். அதில் சிவசங்கரனுடைய சாப்பாட்டுப் பை மட்டும் உட்கார்ந்திருக்கும். அவர் நின்றபடியே பில் போட்டு, போட்ட கையோடு குடோனுக்குப் போய்ச் சாமானையும் எடுத்து வந்து விடுவார்.

இப்படி இருப்புக் கொள்ளாத மனுஷனைப் பார்த்து, ‘காத்திருங்கள்’ என்று சொன்னால் என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று.

அவருடைய மனைவி பாகீரதிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ். தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்துவிடுகிறேன் என்று சிவசங்கரன் டாக்டர் மேஜை முன்னாலேயே சட்டையைக் கழற்றாத குறையாக நின்றார். அவருக்குச் சர்க்கரை இருந்தது, முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளை குட்டி இல்லை. கூடப்பிறந்தவர்கள் யாருடையதும் பொருந்தவில்லை. கடைசியில், மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து கிடைக்கும் சிறுநீரகத்துக்காகப் பெயர் பதிந்து வைத்தார்கள்.

பதிகிற அன்று ஆஸ்பத்திரியில் அதைக் கவனிக்கும் சாருலதா என்ற பெண் எல்லாம் விளக்கிச் சொன்னாள். அவள் சொன்னதில் பாதி சிவசங்கரன் காதில் ஏறவில்லை. கடைசியாகச் சொன்னது மட்டும் ஏறி, அங்கேயே தங்கிவிட்டது.

“போன் எப்பவும் ஆன்ல இருக்கணும் சார். எப்ப வேணாலும் கூப்பிடுவோம். எடுக்கலைன்னா லிஸ்ட்டுல அடுத்தவங்களுக்குப் போயிரும். நாங்க காத்துக்கிட்டு இருக்க முடியாது. எடுத்த கிட்னியும் காத்துக்கிட்டு இருக்காது.”

அன்றிலிருந்து சிவசங்கரன் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கால் வைக்கவில்லை. உள்ளே போனைக் கொண்டுபோக விடமாட்டார்கள், வாசலில் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். வெள்ளிக்கிழமை தவறாத ஆள், இப்போது சித்திரை வீதியில் நின்று கோபுரத்தைப் பார்த்து ஒரு கையால் கும்பிட்டார். இன்னொரு கையில் போன் இருந்தது. “உள்ளே வந்து பார்க்கலைன்னு கோவிச்சுக்காதே தாயே, உன்கிட்ட வந்த நேரத்துல போன் வந்துட்டா நான் எங்கே போவேன்?” என்று வாய்விட்டே சொல்வார். பூ விற்கிற பெண்கள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

ஆனால் அவருடைய நிஜமான சங்கடம் கோயிலில் இல்லை, வீட்டில் இருந்தது. ஆனையூரில் அவர் வீடு கட்டியபோது சுற்றிலும் முள்செடியும் காலி மனையும்தான். இப்போது மூன்று பக்கமும் அடுக்குமாடி எழும்பி, அவருடைய ஒற்றை மாடி வீடு கிணற்றுக்குள் வைத்த டப்பாவைப் போல ஆகிவிட்டது. வெளியே தெருவில் நின்றால் சிக்னல் நிறைய இருக்கும். வாசற்படி தாண்டினால் ஒரு கோடு. படுக்கையறையில் அதுவும் சில நேரம்தான். சமையலறைச் சன்னல் ஒன்றுதான் கொஞ்சம் நம்பிக்கையான இடம். அந்தச் சன்னல் கம்பியில் ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கட்டி, அதில் போனைப் படுக்க வைத்திருந்தார். வீட்டில் குழந்தை இல்லாத குறையை அந்தக் கூடை தீர்த்தது என்று பாகீரதி சொல்லிச் சிரித்தாள். பாகீரதிக்கு எதையும் சிரித்துச் சொல்லத்தான் தெரியும். டயாலிசிஸ் முடிந்து கிறுகிறுத்து வரும்போதுகூட, “மெஷினுக்கு ரொம்பக் களைப்பாயிருச்சு பாவம்” என்பாள்.

ஒரு நாள் காஸ் சிலிண்டர் கொண்டு வந்தவர் வாசலில் நின்று சத்தம் போட்டார். “எம்புட்டு நேரமா போன் அடிக்கிறேன் சார்! தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கீங்கன்னே சொல்லுது. வீட்டுக்குள்ளதானே இருக்கீங்க?”

சிவசங்கரன் சமையலறைக்கு ஓடினார். போன் கூடையில்தான் இருந்தது, ஒரு கோடும் காட்டியது. காஸ்காரருக்குப் பதிலாக சாருலதா கூப்பிட்டிருந்தால்? அவருக்கு அன்று சோறு இறங்கவில்லை. அதற்குப் பிறகு மணிக்கு ஒரு தடவை பாகீரதியின் போனிலிருந்து தன் போனுக்கு அடித்துப் பார்க்கத் தொடங்கினார். மணி அடித்தால் முகம் மலரும்.

“நீங்க இப்படி டெஸ்ட் பண்ணிக்கிட்டு இருக்கற நேரத்துல அவங்க கூப்பிட்டா, லைன் பிஸின்னு வருமே?” என்று பாகீரதி ஒரு நாள் கேட்டு வைத்தாள்.

அவ்வளவுதான், அதுவும் போயிற்று. டெஸ்ட் பண்ணாமலும் இருக்க முடியவில்லை, பண்ணவும் பயம்.

போன் கம்பெனியை மாற்றிவிடலாம் என்று கடையில் சொன்னார்கள். அதையும் விசாரித்தார். நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்றும்போது நடுவில் கொஞ்ச நேரம் போன் செத்துக் கிடக்கும் என்று தெரிந்தது. செத்துக் கிடக்கும் என்ற சொல்லைக் கேட்டதுமே திரும்பி வந்துவிட்டார். தவிர, மற்ற கம்பெனிக்காரர்களின் டவர் அவர் வீட்டிலிருந்து இன்னும் தள்ளித்தான் இருந்தது.

அந்த நேரத்தில் ஜப்பானில் வேலை பார்க்கும் அக்கா மகன் கிரிதர் விடுமுறைக்கு வந்தான். மாமாவின் அவஸ்தையைப் பார்த்துவிட்டுத் தன்னிடமிருந்த இன்னொரு போனைக் கொடுத்துவிட்டுப் போனான். கண்ணாடி மாதிரி போன். படம் எடுத்தால் கேமரா ‘சடக்’ என்று பெரிதாகச் சத்தம் போடும், ஜப்பானில் அதை நிறுத்த விடமாட்டார்களாம். சிவசங்கரன் பெருமை பிடிபடாமல் சிம்மை அதில் மாற்றினார். கடையில் வைத்துப் பார்த்தார், சிக்னல் பிய்த்துக்கொண்டு வந்தது. வீட்டுக்குள் நுழைந்தார். ‘சேவை இல்லை.’ சமையலறைச் சன்னலில் வைத்தார். சேவை இல்லை. பழைய ஓட்டைப் போன் வாங்கிய ஒரு கோட்டைக்கூட இது வாங்கவில்லை.

இதுதான் மனுஷனைக் கிளப்பிவிட்டது. வேறு யாராவது என்றால் கடைக்காரரிடம் போய்ச் சண்டை போடுவார்கள், அல்லது விட்டுவிடுவார்கள். சிவசங்கரன் படிக்க ஆரம்பித்தார். லாரி உதிரிபாகத்தில் அவருக்கு நாற்பது வகை பேரிங் அத்துப்படி. ஒரே பெயரில் வரும் இரண்டு பேரிங்கில் கடைசி எழுத்து வேறாக இருந்தால் வண்டியில் உட்காராது என்பது தெரிந்த மனுஷன். போன் விஷயமும் அப்படித்தான் இருந்தது.

அவர் தெரிந்துகொண்டது இதுதான். ஒவ்வொரு கம்பெனியும் சில அலைவரிசைகளில்தான் ஓடுகிறது. அந்த அலைவரிசைகளுக்கு நம்பர் போட்டு, பேண்ட் என்கிறார்கள். சில பேண்ட் வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் நின்றுவிடும். அவருடைய கம்பெனியில் அஞ்சாம் பேண்ட் என்று ஒன்று உண்டு. அதில் வேகம் குறைச்சல், ஆனால் சுவரைத் தாண்டி உள்ளே வரும். ஆனையூர் வீட்டுக்குள் நுழைவது அது ஒன்றுதான். ஜப்பான் போன் ஜப்பானுக்காகச் செய்தது. மற்ற பேண்டெல்லாம் அதற்குக் கேட்கும், அஞ்சாம் பேண்டுக்கு மட்டும் காது கிடையாது.

பழைய போனில் எந்த பேண்ட் என்று காட்டும் ஆப் ஒன்றை இறக்கிக்கொண்டு சிவசங்கரன் ஆனையூர்த் தெருக்களில் நடந்தார். நாலு அடி நடப்பார், நிற்பார், நம்பரைப் பார்ப்பார், மறுபடி நடப்பார். மாநகராட்சியிலிருந்து ரோடு அளக்க ஆள் வந்திருக்கிறது என்று நினைத்து, வாசல் படிக்கட்டை ரோட்டுக்குள் இழுத்துக் கட்டியிருந்த ஒருவர் அவருக்குக் காபி கொடுத்து உபசரித்தார். சிவசங்கரன் காபியைக் குடித்துவிட்டு, “உங்க வீட்டு வாசல்ல நாப்பதாம் பேண்ட் வருது, உள்ளே வந்து பார்க்கலாமா?” என்றார். அந்த மனுஷர் பிறகு அவரைத் தெருவில் பார்த்தால் உள்ளே போய்விடுவார்.

அடுத்தது டவுன்ஹால் ரோடு. கடை கடையாக ஏறினார்.

“இதுல அஞ்சாம் பேண்ட் இருக்கா?”

“5ஜி போன்தான் சார்.”

“5ஜி இல்லப்பா. 4ஜியில அஞ்சாம் பேண்ட்.”

“கேமரா பாருங்க சார். நெலாவ எடுத்தா பள்ளம் மேடு தெரியும்.”

“எனக்கு நெலா வேணாம்யா. அடுப்படிக்குள்ள மணி அடிக்கணும்.”

பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எடை இருக்கும், விலை இருக்கும், எந்த ஊரில் செய்தது என்று இருக்கும், பேண்ட் மட்டும் இருக்காது. மாடல் நம்பரை அங்கேயே நின்று தேடுவார். ஒரே பெயர், ஒரே நிறம், ஆனால் ஒவ்வொரு நாட்டுக்கும் கடைசி எழுத்து வேறு. வெளிநாட்டுச் சரக்கு மலிவாகக் கிடைக்கும் கடைகளில் இது தாறுமாறாகக் கலந்து கிடந்தது. சிப்பந்திகள் அவரைக் கண்டால் ஒருவருக்கொருவர் கண் காட்டிக்கொண்டு, “அண்ணே, அஞ்சு வந்துட்டாரு” என்று முணுமுணுப்பார்கள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒரு சின்னக் கடையில், எந்த ஆடம்பரமும் இல்லாத கட்டையான போன் ஒன்று அகப்பட்டது. இந்தியாவுக்கென்றே செய்த மாடல். எல்லா பேண்டும் இருந்தது. வீட்டுக்குக் கொண்டு வந்து படுக்கையறையில், கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குள் என்று வைத்துப் பார்த்தார். எங்கே வைத்தாலும் அடித்தது. பீரோவைத் திறந்து, அடிக்கிற போனைக் கையில் எடுத்து, அவர் அழுதுவிட்டார். பாகீரதி மட்டும்தான் பார்த்தாள், அவளும் கேலி செய்யவில்லை.

இப்போது ஜப்பான் போன் சும்மா இருந்தது.

டயாலிசிஸ் ஹாலில் பாகீரதிக்குப் பக்கத்துக் கட்டில் அழகுபாண்டியுடையது. உசிலம்பட்டிப் பக்கம் நொச்சிப்பட்டி என்ற ஊர். கொஞ்சம் காடு, நாலு மாடு. சிவசங்கரனைவிடப் பத்து வயது சின்னவர். காளை என்று ஒருவர் ஊரில் பால் வண்டி ஓட்டுகிறார். அவர் அழகுபாண்டியையும் மனைவி தமிழ்வாணியையும் மெயின் ரோட்டில் இறக்கிவிடுவார். அங்கிருந்து பஸ் பிடித்து ஆரப்பாளையம் வந்து இறங்குவார்கள். ஒரு தடவை திரும்பும்போது அழகுபாண்டிக்கு பஸ் ஸ்டாண்டிலேயே மயக்கம் வந்துவிட, கூட நின்ற சிவசங்கரன்தான் காளைக்குப் போன் போட்டு வண்டியோடு வரச் சொன்னார். அதிலிருந்து இரண்டு குடும்பமும் ஒட்டிக்கொண்டது.

அழகுபாண்டியும் சிறுநீரகத்துக்குப் பதிந்திருந்தார், பாகீரதிக்குச் சில மாதம் முன்னால். இரண்டு பேருக்கும் ஒரே ரத்த வகை. “வண்டியில என் சீட்டுக்குப் பின் சீட்டு மதினிக்குத்தேன். நான் இறங்குனதும் அவுக இறங்க வேண்டியது” என்று அவர் சொல்லிக்கொண்டிருப்பார்.

அழகுபாண்டியின் போன் பேட்டரி உப்பி, முதுகு வெடித்துப் போயிருந்தது. வீட்டுக்கே அது ஒரு போன்தான். ஆஸ்பத்திரியில் தமிழ்வாணி பெயரில் கொடுத்திருந்த இரண்டாவது நம்பருக்குப் பணம் கட்டாமல் அது எப்போதோ செத்துவிட்டது. சிவசங்கரனுக்குக் கை துறுதுறுத்தது. ஜப்பான் போனைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். தானே சிம்மைப் போட்டு, ஹாலிலேயே வைத்து மணி அடிக்கவிட்டுக் காட்டினார். ஆஸ்பத்திரி மொட்டை மாடியிலேயே டவர், சிக்னலுக்குக் கேட்பானேன். கேமரா சத்தத்தைக் கேட்டுத் தமிழ்வாணி சிரித்தாள்.

“இது எங்க வீட்டுக்குள்ள எடுக்கலை. சுவருதான் காரணம். உங்களுக்கு என்ன, வெட்டவெளி. ராசா மாதிரி எடுக்கும்” என்றார் சிவசங்கரன்.

“இம்புட்டுப் பெரிய போன எனக்கு எதுக்குண்ணே?”

“வச்சுக்கப்பா. கூப்பிட்டா எடுக்கணும்ல.”

அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் சிவசங்கரன் நெஞ்சு நிமிர்ந்து நடந்தார். எல்லாம் படித்துத் தெரிந்துகொண்ட ஒருவர் இன்னொருவருக்கு உதவியிருக்கிறார் என்ற நினைப்பு. அந்த நினைப்பு கொஞ்ச நாள்தான் நிம்மதியாக இருக்கவிட்டது. பழக்கதோஷத்தில் மறுபடியும் ஒரு நாள் பேண்ட் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது, அவர் கவனிக்காமல் விட்ட ஒரு விஷயம் கண்ணில் பட்டது. அஞ்சாம் பேண்ட் சுவரை மட்டும் தாண்டுவதில்லை, தூரத்தையும் தாண்டும். டவர்கள் நெருக்கமாக இல்லாத கிராமத்துப் பொட்டலில் பெரும்பாலும் அதுதான் எட்டிப் பிடிக்கும். வெட்டவெளி என்றால் நல்லது என்று அவர் சொன்னது தலைகீழ்.

அடுத்த டயாலிசிஸ் அன்று அவர் அழகுபாண்டியின் கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“ஏம்ப்பா, போன் ஊர்ல எடுக்குதா?”

“அதுக்கென்னண்ணே, ராசா மாதிரி எடுக்குது.”

“வீட்டுக்குள்ள?”

“எல்லாம் எடுக்குதுண்ணே. நீங்க குடுத்தது எடுக்காம இருக்குமா?”

கொடுத்த பொருளைக் குறை சொல்வது அழகுபாண்டிக்கு வராது. அந்த ஊர்ப்பக்கம் யாருக்குமே வராது. அது சிவசங்கரனுக்குத் தெரியாதா? மதுரையில் பிறந்து வளர்ந்தவருக்குத் தெரியும். இரண்டு தடவை கிளறிக் கேட்டிருந்தால் உண்மை வந்திருக்கும். தமிழ்வாணியைத் தனியாகக் கேட்டிருக்கலாம். ஆனால் அவருக்கு அந்தப் பதில்தான் வேண்டியிருந்தது, அதனால் கேட்டதும் வாங்கி வைத்துக்கொண்டார். எதற்கெடுத்தாலும் பத்துத் தடவை டெஸ்ட் பண்ணுகிற ஆள், இந்த ஒரு விஷயத்தில் ஒரு தடவைகூடப் பண்ணிப் பார்க்கவில்லை.

மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலைப் பலகாரம் முடிந்து பாகீரதி வெயில் ஏறுவதற்கு முன்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சமையலறையில் போன் அடித்தது. சிவசங்கரன் கொல்லையிலிருந்து ஓடி வந்த வேகத்தில் ஒரு வாளி உருண்டது.

சாருலதாதான். “சார், ஒரு கிட்னி வருது. உங்களுக்கு முன்னால ஒருத்தங்க இருக்காங்க. அவங்களுக்கு போன் போகவே இல்லை, அவுட் ஆப் கவரேஜ்னு வருது, ரெண்டாவது நம்பரும் இல்லை. இன்னும் ஒரு அரை மணி நேரம் பாப்போம். கிடைக்கலைன்னா அம்மாவுக்குத்தான். சாப்பிடாம, தண்ணி குடிக்காம ரெடியா இருக்கச் சொல்லுங்க. நான் திரும்பக் கூப்பிடுறேன்.”

“சரிம்மா, சரிம்மா” என்றார்.

பாகீரதியிடம் சொன்னார். ஈரத்துணியைக் கையில் பிடித்தபடி அவள் அப்படியே நின்றாள். பிறகு, “நல்லவேளை, இன்னிக்கு ரெண்டு இட்லியே போதும்னு நிறுத்தினேன்” என்றாள். உள்ளே போய்ப் பையில் துணி வைக்கத் தொடங்கினாள். சிவசங்கரன் ஆட்டோ பிடிக்கத் தெருமுனைக்கு ஓடினார்.

பாதித் தெருவில் அந்த நினைப்பு வந்தது. முன்னால் இருக்கிற ஒருத்தர். அதே ரத்த வகை. ரெண்டாவது நம்பரும் இல்லை.

அழகுபாண்டிக்கு அடித்தார். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி அடித்தார். அதே குரல், அதே மரியாதை. கையிலிருந்த தன் போனைப் பார்த்தார், எல்லாக் கோடும் நிறைந்திருந்தது. அவர் கொடுத்த போன் எங்கோ நொச்சிப்பட்டியில் ஒரு அலமாரி மேல் ஊமையாகக் கிடக்கிறது. அதனால்தான் இந்த அழைப்பு இங்கே வந்திருக்கிறது. அவர் செய்த தப்பு அவருக்கே லாபமாகத் திரும்பி வந்திருக்கிறது.

காளையின் நம்பர் போனில் இருந்தது. விரலை அதன்மேல் கொண்டுபோனார். அமுக்கவில்லை. போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். முனையில் நின்ற ஆட்டோவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஆட்டோவை வாசலில் நிற்கவைத்துவிட்டு, கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்தார்.

பை கட்டி முடித்து வெளியே வந்த பாகீரதி அவரைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவர் அந்த நாற்காலியில் இப்படி முதுகு சாய்ந்து உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது.

“என்னங்க, நெஞ்சு கிஞ்சு வலிக்குதா?”

“இல்ல.”

“பின்னே ஏன் உக்காந்திருக்கீங்க?”

அவள் பையைக் கீழே வைத்தாள்.

“முன்னால இருக்கறது யாருன்னு சொன்னாங்களா?”

“சொல்ல மாட்டாங்க. தெரியாது.”

பாகீரதி அவர் எதிரில் வந்து நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். “தமிழ்வாணி ஒரு நாள் சொன்னா. அந்த போன் வீட்டுக்குள்ள எடுக்கறதில்லையாம். கண்மாய்க் கரை மேல ஏறி நின்னாத்தான் எடுக்குதாம். காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை அவரு கரையேறிப் போயி ஏதாச்சும் போன் வந்துச்சான்னு பாத்துட்டு வாராராம். அண்ணன்கிட்டச் சொல்லிராதீங்க மதினி, ஆசையாக் குடுத்தாரு, மனசு கஷ்டப்படுவாருன்னு சொன்னா. நீங்க தூங்காம நடப்பீங்களேன்னு நானும் சொல்லலை.”

“எனக்குத் தெரியும் பாகி” என்றார் சிவசங்கரன். “நீ சொல்லாமலே தெரியும். கேட்டுக்கத்தான் பயந்துட்டேன்.”

வாசலில் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

“காளை நம்பர் உங்ககிட்ட இருக்குல்ல?”

“இருக்கு.” அவர் போனைப் பையிலிருந்து எடுத்தார். “பாகி, நான் ஒண்ணும் செய்ய வேணாம். சும்மா இருந்தாப் போதும். அரை மணி நேரம் சும்மா இருந்தாப் போதும், நீ பொழச்சுருவ. யாரும் நம்மளக் கேக்க மாட்டாங்க.”

“நீங்க என்னிக்குச் சும்மா இருந்தீங்க?” என்றாள் பாகீரதி. சிரிக்கத்தான் பார்த்தாள், வரவில்லை. “எனக்கும் ஆசையாத்தான் இருக்கு. பையைக் கட்டும்போது கை என்னமாப் பறந்துச்சு தெரியுமா? ஆனா ஆபரேஷன் முடிஞ்சு வந்து, எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு தமிழ்வாணியைப் பாக்கறது? அடிங்க. நேரமாகுது.”

அவர் அடித்தார். காளையின் போன் நீண்ட நேரம் அடித்தது. எடுக்காமல் போய்விட வேண்டும் என்று அவர் மனசின் ஒரு மூலை வேண்டிக்கொண்டது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது, வேண்டிக்கொண்டது. காளை எடுத்துவிட்டார்.

“அண்ணே, சொல்லுங்க. கேனைக் கழுவிக்கிட்டு இருந்தேன்.”

சிவசங்கரன் சொன்னார். சாருலதாவின் நம்பரை இரண்டு தடவை சொல்லி, திருப்பிச் சொல்லச் சொன்னார். “அழகுபாண்டி வீட்டுக்குப் போ. உன் போன்லேருந்தே அந்தம்மாகிட்டப் பேச வை. சாப்பிட விடாதே. வண்டியிலேயே கூட்டிட்டு வந்துரு, பஸ்ஸுக்கு நிக்காதே.”

“இந்தா போறேண்ணே.” வண்டி கிளம்பும் சத்தம் போனிலேயே கேட்டது.

சிவசங்கரன் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தார். ஆட்டோக்காரர், “போறமா இல்லையா சார்?” என்று கேட்டபோது, “இருப்பா” என்றார். போன் அடித்தபோது பாகீரதிதான் எடுத்துக் காதில் வைத்தாள். சாருலதா சொன்னதைக் கேட்டுக்கொண்டு, “சரிம்மா. ரொம்ப சந்தோஷம்மா” என்றாள். நிஜமாகவே அப்படித்தான் சொன்னாள். அழகுபாண்டி கிடைத்துவிட்டார், கிளம்பிவிட்டார். பாகீரதிக்கு வரும்போது கூப்பிடுவார்கள்.

ஆட்டோவை அனுப்பிவிட்டுச் சிவசங்கரன் திரும்பி வந்தபோது, அவள் பையிலிருந்த சேலைகளை எடுத்துப் பழையபடி பீரோவில் அடுக்கிக்கொண்டிருந்தாள். முதுகு குலுங்கியது. அவர் பக்கத்தில் போய் நின்றார். அவளோடு சேர்ந்து அவரும் அழுதார்.

பத்து நாள் கழித்து டயாலிசிஸ் ஹாலில், அழகுபாண்டியின் கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார்கள். ஆபரேஷன் முடிந்து அவர் படுத்திருந்த மாடி வார்டிலிருந்து தமிழ்வாணி இறங்கி வந்தாள். பாகீரதியின் கையைப் பிடித்துக்கொண்டு, கட்டிலோரம் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். போகும்போது முந்தானையிலிருந்து ஜப்பான் போனை எடுத்துச் சிவசங்கரனிடம் நீட்டினாள்.

“உங்க தம்பி குடுக்கச் சொன்னாக அண்ணே. கண்மாய்க் கரையில நல்லாத்தேன் எடுத்துச்சுன்னும் சொல்லச் சொன்னாக.”

“வார்டுல படுத்துக்கிட்டும் குறை சொல்ல மாட்டேங்கறானே அவன்” என்றார் சிவசங்கரன். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாளே ஆரப்பாளையம் கடைக்குப் போனார். உள்ளே ஏறும்போதே கடைக்காரர், “அஞ்சாம் பேண்ட் இருக்குண்ணே” என்றார். தன்னுடையதைப் போலவே ஒன்று வாங்கினார். ஆனால் இந்தத் தடவை ஹாலில் வைத்துக் காட்டிவிட்டுப் பெருமையோடு திரும்பவில்லை. அழகுபாண்டி வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் உசிலம்பட்டி பஸ் ஏறி, காளை வண்டியில் நொச்சிப்பட்டிக்குப் போனார். கூடத்தில் வைத்துப் பார்த்தார், மாட்டுக் கொட்டகையில் வைத்துப் பார்த்தார். கிருமி ஒட்டாமலிருக்க முகத்தில் துணி கட்டிக்கொண்டு படுத்திருந்த அழகுபாண்டி, “நல்லா எடுக்குதுண்ணே, உக்காருங்க” என்றதை அவர் காதிலேயே வாங்கவில்லை. அடுப்படிக்குள் போய், நெல் மூட்டைக்குப் பக்கத்தில் மூலையில் நின்று, அந்தப் போனிலிருந்து பாகீரதிக்கு அடித்தார்.

முதல் மணியிலேயே எடுத்தாள்.

“கேக்குதா?” என்று கத்தினார்.

“கேக்குது, கேக்குது. ஏன் கத்துறீங்க?” என்றாள். பிறகு, “என்னங்க, சீக்கிரம் வந்துருங்க. இப்ப நான்தானே முதல் சீட்டு. கூப்பிட்டாங்கன்னா யாரு கூட்டிட்டுப் போறது?” என்றாள்.

தமிழ்வாணி காபியோடு வந்து பார்த்தபோது அடுப்படியில் யாரும் இல்லை. போன் மூட்டை மேல் இருந்தது. வாசலில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டே சிவசங்கரன் காளையின் வண்டியை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்.